கூலருக்கு அடியில்

அந்தக் கண்ணாடித்தாளை உரித்தோமா இல்லையா என்ற கேள்வி கலியமூர்த்திக்கு வந்தபோது, வீடியோவைச் சுருக்குகிற என்கோடிங் தொடங்கிப் பத்து சதவீதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆயிரம் கேள்வி வருகிறது போகிறது, இதுவும் வந்த வழியே போயிருக்கலாம், ஆனால் இது செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. புது பிராசஸரின் தலையில் சாம்பல் நிறப் பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்குப் பிதுக்கி வைத்து, அதன்மேல் கூலரை உட்காரவைத்து, நாலு மூலையிலும் திருகாணியை முடுக்கியது அவர் கைதான். கூலரின் அடியில் செம்புத் தகட்டின்மேல் ஒரு மெல்லிய கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கும். கீறல் விழாமல் இருக்க கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்புவது. அதை உரித்துப் போட்டுவிட்டுத்தான் பேஸ்ட்டின்மேல் அமுக்க வேண்டும். உரிக்காமல் அமுக்கினால் பிராசஸரின் சூடு கூலருக்கு ஏறாது, உள்ளேயே வேகும், வெந்து சாகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் பூட்டப் பழகுகிற எவனும் முதல் தடவை செய்கிற தப்பு இது. இரண்டாம் தடவை செய்யமாட்டான், கூட இருப்பவர்கள் செய்கிற கேலியே அவனைத் திருத்திவிடும். கலியமூர்த்தி தலை நரைக்கிற வரைக்கும் இதே வேலையாக இருந்தவர். உரித்திருப்பார். உரிக்காமல் எப்படி இருப்பார். நகத்தை ஓரத்தில் கொடுத்து, சர்ரென்று இழுக்கும்போது வருகிற சத்தம்வரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது எந்த நாள் உரித்தது? நூறு தடவை உரித்த ஞாபகம் நெஞ்சில் இருக்கிறது, இன்றைக்குக் காலையில் உரித்த ஞாபகம்தான் இல்லை.

எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டால் தீர்ந்தது. பார்க்க முடியாது, ஏனென்றால் பார்க்கக் கூடாது என்று விதி போட்டதே அவர்தான். சாலிகிராமத்தில் இருக்கும் அந்த அலுவலகத்தின் தொழில், பழைய டி.வி. தொடர்களையும் கோயில் திருவிழாப் பதிவுகளையும் இன்டர்நெட்டில் போடுகிற அளவுக்குச் சுருக்கிக் கொடுப்பது. சுருக்குகிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் கிழண்டுவிட்டதால் மொத்தமாக மாற்றப்போகிறார்கள். எந்த பிராசஸரை வாங்குவது என்பதில் ஒரு மாதமாகச் சண்டை. பிராசஸர் செய்கிறவர்களில் இரண்டு பெரிய கம்பெனிகள், ஒன்றுக்கு நீல அட்டைப்பெட்டி, இன்னொன்றுக்குச் சிவப்பு, ஆகவே அலுவலகத்தில் நீலக் கட்சி, சிவப்புக் கட்சி என்றே பெயர். கூட்டணிப் பேச்சு ஒன்றுதான் நடக்கவில்லை. கலியமூர்த்தி சிவப்பு. அவருக்குக் கீழே வேலை செய்யும் பெனாசிர் நீலம். கடைசியில் எம்.டி. அருளானந்தம், வாயால் பேசினது போதும், ஆளுக்கு ஒன்று பூட்டி ஒரே வீடியோவைக் கொடுத்து ஓட விடுங்கள், எது முந்துகிறதோ அதை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அப்போது கலியமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. இன்று காலையில் பெட்டியைப் பூட்டி முடித்த கையோடு எம்.டி. அறையில் உட்கார்ந்து விதிமேல் விதியாக அடுக்கினார். ஒரே அறை, ஒரே ஏ.சி., ஒரே மாதிரி கூலர், ஒரே கோப்பு. ஓடும்போது வேறு எந்த சாஃப்ட்வேரும் ஓடக் கூடாது, வெப்பநிலை காட்டுகிறதுகூட. தொடங்கினபின் பெட்டியைத் தொட்டால் தொட்டவர் தோற்றவர். ஒருவர் திரையை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்று நாற்காலிகளை முதுகோடு முதுகாகப் போடச் சொன்னதும் அவர்தான். எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு உள்ளே மாட்டிக்கொண்ட மனிதர் இப்போது திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சதவீதம் ஏறுகிறது. ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம் முடிகிறது என்ற எண் கூடுகிறது, குறைகிறது, மறுபடி கூடுகிறது. அந்த எண் நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று சொல்ல ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் அவர் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இல்லை.

காலையிலிருந்து வருவோம். அட்டைப்பெட்டியைத் திறந்தது ஞாபகம் இருக்கிறது. கத்தரிக்கோல் கிடைக்காமல் சாவியால் டேப்பைக் கிழித்தது ஞாபகம் இருக்கிறது. கூலரை வெளியே எடுத்து, கனமாக இருக்கிறதே என்று கையில் எடைபோட்டுப் பார்த்து, பக்கத்தில் நின்ற ஒலிப்பதிவுக்காரரிடம் ஏதோ சொன்னது, அவர் சிரித்தது. அதற்குப்பின் போன் அடித்தது. வங்கியிலிருந்து யாரோ கடன் வேண்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லி வைத்தார். வைத்தபோது கூலர் கையில் இருந்ததா, மேசையில் இருந்ததா? மேசையில் என்றால் எப்படி வைத்தார், தாள் மேல்பக்கமாகவா கீழ்ப்பக்கமாகவா? அடுத்து மனதில் இருக்கும் காட்சி திருகாணி. நடுவில் ஒன்றுமில்லை. போனுக்கும் திருகாணிக்கும் நடுவே ஒரு துண்டு வெட்டி எடுத்ததுபோல் காணாமல் போயிருக்கிறது. எல்லாருக்கும் இப்படித்தான், பழகின வேலையைக் கை பார்த்துக்கொள்ளும், மனசு எங்கேயோ இருக்கும், வீட்டைப் பூட்டினோமா என்று தெருமுனையில் நின்று யோசிக்காதவர் உண்டா என்று அவர் தனக்குத்தானே எடுத்துச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். ஆனால் மனசு சமாதானமாகவில்லை. ஏனென்றால் சிவப்பு தோற்பது அவருக்கு இப்போது ஒரு பொருட்டே இல்லை. தோற்கட்டும், நாலு நாள் கிண்டல் செய்வார்கள். உரிக்க மறந்திருந்தால், முதல் தடவைக்காரன் செய்கிற தப்பை இந்த வயதில் செய்திருந்தால், அது மறதி இல்லை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை அவர் ஒரு வருஷமாக மனதுக்குள்கூட உச்சரிக்காமல் சுற்றிப் போகிறார், குழி தோண்டிப் போட்ட தெருவில் வண்டியை ஓரமாக ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி.

திரையில் எண் சட்டென்று விழுந்தது. சூடு ஏறிவிட்டது, வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, முடிந்தது கதை என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பிறகுதான் புரிந்தது, கல்யாணக் காட்சி வந்திருக்கிறது. சோதனை வீடியோவை ஒட்டிச் சேர்த்ததும் அவர்தான்: ஒரு தொடரிலிருந்து கல்யாணம், இன்னொன்றிலிருந்து மழை, பிறகு ஒரு சாவு வீடு, கடைசியில் தேரோட்டம். கல்யாணத்தில் பூவும் அட்சதையும் பறக்கும், ஓமப்புகை எழும்பும், ஒவ்வொரு இதழும் ஒவ்வொரு பக்கம் போகும். என்கோடருக்கு அதைப்போல் பிடிக்காத விஷயம் கிடையாது. அது வீடியோவில் வரும் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுப் படமாக எழுதி வைப்பதில்லை. எப்போதாவது ஒரு படத்தை முழுசாக வைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் வருவதில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டே போகும். சுவர் அப்படியே இருக்கிறதா, விடு. முகம் அப்படியே இருக்கிறதா, விடு. கண் இமைத்ததா, அதை எழுது. சாவு வீட்டில் அதற்குக் கொண்டாட்டம், தொடர்காரர்கள் ஆளாளுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்பார்கள், எண் எகிறும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும்போது கலியமூர்த்தி ஒரு கெட்டுப்போன கோப்பைப் போட்டுக் காட்டுவார். முழுசாக வைத்துக்கொண்ட அந்த ஒரு படம் தொலைந்துவிட்டால் பிறகு வருகிற மாற்றமெல்லாம் எதன்மேல் மாற்றம் என்று தெரியாமல் திரையில் வழியும். மூக்கு இருக்கும், முகம் இருக்காது. வாய் அசையும், அது போன காட்சியிலிருந்த சுவரில் அசையும். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அப்பாவுக்கு அப்படி ஆனது என்று அவர் அந்த இடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா விழுப்புரத்தில் ரயில்வே மெயிலில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தார். ஊர்ப்பெயரைச் சொன்னால் பின்கோடு சொல்லுவார், பின்கோடைச் சொன்னால் எந்த ரயில், எந்தப் பை என்று சொல்லுவார். ஒருநாள் சட்டைமேல் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். உள்ளே வெள்ளை, மேலே கட்டம் போட்டது. வீடே சிரித்தது. அம்மா சிரித்தாள், கலியமூர்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அப்பாவும் சேர்ந்து சிரித்துவிட்டு மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதுதான் ஆரம்பம் என்று யாருக்குத் தெரியும். ஆரம்பம் எப்போதும் சிரிப்பாகத்தான் இருக்கும்போலிருக்கிறது. கடைசியில் அவர் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை, ஓடவில்லை. மரியாதை மட்டும் கூடிக்கொண்டே போனது. சோறு ஊட்டப் போன மகனைப் பார்த்துக் கை கூப்பி, "நீங்க எந்த ஊருங்க, இவ்வளவு சிரமப்படுறீங்களே" என்று கேட்டார். அப்பா வாயிலிருந்து வந்த அந்த 'நீங்க' இருக்கிறதே, அதற்குப் பதில் செருப்பால் அடித்திருக்கலாம். போன வருஷம் கலியமூர்த்தி வடபழனிக்கு வண்டியில் போய், வாட்சுக்கு வார் மாற்றிக்கொண்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையில் வண்டியைக் காணோம், திருட்டுப் போய்விட்டது என்று தெருவையே கூட்டினார். வாட்சுக்கடைக்காரர் போன் பண்ணினபிறகு அவரே அதை ஒரு கதையாக்கி, நடித்துக் காட்டி, வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைத்தார். மனைவி அமுதவல்லியும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அந்தத் தாமதத்தை அவர் கவனிக்காததுபோல் விட்டுவிட்டார், அவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும். அன்றிலிருந்து அவர் ரொம்ப உஷார். யார் பேர் மறந்துபோனாலும் அவரைத் தலைவரே என்று கூப்பிட ஆரம்பித்தார், அலுவலகத்தில் அவர் ரொம்பக் கலகலப்பாகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அதைச் சொன்னேனா, இதைக் கொடுத்தேனா என்று யாரையும் கேட்பதில்லை. ஞாபகப்படுத்து என்ற வார்த்தையை வாயிலிருந்தே எடுத்துவிட்டார். கேட்டால்தானே தெரியும்.

சட்டைப்பையில் போன் நடுங்கியது. அமுதவல்லி. சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். சாப்பிட்டாச்சு, வெண்டைக்காய் நன்றாக இருந்தது என்றார். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் இல்லை, அரை நிமிஷம்கூட இல்லை, ஒரு மூச்சு அளவுக்கு மௌனம். பிறகு சரி என்றாள், போட்டி எப்படிப் போகிறது என்றாள், போய்க்கொண்டிருக்கிறது என்றார், வைத்தாள். அந்த மூச்சு எதற்கு? வெண்டைக்காய் நேற்றையதா? இன்றைக்குக் கொடுத்தது வேறா? ஐயோ, இப்போது அவள் அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருப்பாளே. குனிந்து பையை இழுத்து, டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்த்தார். வெண்டைக்காய்தான். ஓரத்தில் ஒரு வட்டம் ஒட்டிக்கொண்டும் இருந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது, ஒரு வெண்டைக்காய்த் துண்டு மனிதனுக்கு இவ்வளவு ஆறுதல் தரும் என்று யார் கண்டார்கள். அப்படியானால் ஞாபகம் நன்றாகத்தான் இருக்கிறது. மதியம் தின்றது ஞாபகம் இருக்கிறவனுக்குக் காலையில் உரித்தது மட்டும் ஏன் மறக்கும்? உரித்திருப்பார். நிச்சயம் உரித்திருப்பார். மழைக்காட்சி வந்தது, எண் இன்னும் கீழே போனது, அந்த நிச்சயமும் கூடவே போனது. விசிறியின் சத்தம் ஏறுகிறதா? காதைப் பெட்டிப் பக்கம் சாய்த்தார். ஏறுகிறது. மழையென்றால் எந்த பிராசஸரும் திணறத்தான் திணறும், விசிறி சுற்றத்தான் சுற்றும். பெனாசிரின் பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கப் பார்த்தார். ஏ.சி.யின் இரைச்சலில் எது யாருடைய விசிறி என்று பிரிக்க முடியவில்லை.

எம்.டி. கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெனாசிரின் திரையைப் பார்த்தார், கலியமூர்த்தியின் திரையைப் பார்த்தார், 'ம்' என்றார், போய்விட்டார். இந்த உலகத்தில் இரண்டு எண்களையும் பார்த்த ஒரே மனிதன் ஒரு 'ம்' போட்டுவிட்டுப் போகிறான். அந்த 'ம்' எந்தக் கட்சி? முகத்தில் ஒன்றுமில்லை, சீட்டாடுகிறவர் முகம். பெனாசிர் திரும்பவே இல்லை. அவள் துப்பட்டா நாற்காலியின் பின்பக்கம் தொங்குவதுதான் ஓரக்கண்ணில் தெரிந்தது. ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறாள்? ஜெயிக்கப்போகிறவளுடைய அமைதி அது. அவருக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது. சமீபத்தில் அடிக்கடி வருகிறது. எந்தக் கோப்பை அனுப்பினாலும் அவள் ஒருதடவை திறந்து பார்க்கிறாள். சாயங்காலம் சர்வர் அறையைப் பூட்டிவிட்டு அவர் படியிறங்கினால், அவள் எதையோ மறந்தவள்போல மேலே ஏறிப்போகிறாள். அவருடைய நாற்காலிக்குக் கண் வைத்திருக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வைக்கட்டுமே, கெட்டிக்காரி, பழைய பதிவுகளில் குரலும் வாயும் பொருந்தாததை அவளைப்போல் பிடிக்க ஆளில்லை. ஆனால் நான் இருக்கும்போதே எதற்கு. ஒருவேளை தாளை உரிக்காததைப் பார்த்துவிட்டு, பேசாமல் இருக்கிறாளா? பார்த்தாளா? காலையில் பக்கத்து மேசையில்தான் இருந்தாள். பார்த்துவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, ஓடட்டும், வேகட்டும் என்று விட்டுவிட்டாளா? அப்படி நினைத்ததும் அவருக்கே வெட்கமாக இருந்தது. அவளுக்குக் குழந்தை பிறந்தபோது அமுதவல்லி போய் இரண்டு நாள் கூட இருந்துவிட்டு வந்தாள், நோன்புக்கஞ்சி தூக்குவாளியில் வீட்டுக்கு வரும். அந்தப் பெண் அப்படிச் செய்யமாட்டாள். பயந்தவன் மனது எல்லாரையும் சந்தேகப்படும். அப்பாவும் நடுவில் கொஞ்சகாலம் தன் பர்ஸை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவு வீடு வந்துவிட்டது. எண் எகிறியது. ஒப்பாரி வைக்கிற முகங்கள் அசையாமல் நின்றுகொண்டிருக்க, சதவீதம் மளமளவென்று ஏறியது. அப்போதுதான் அவருக்கு மின்னல் அடித்ததுபோல் அந்த எளிய விஷயம் தோன்றியது. உரித்திருந்தால், உரித்த தாள் எங்கேயாவது கிடக்கத்தானே வேண்டும்? பெட்டியைத்தான் தொடக் கூடாது, குப்பைக்கூடையைத் தொடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பேனா விழுந்ததுபோல் பாவனை பண்ணிக் குனிந்தார். மேசைக்கு அடியில் ஒன்றுமில்லை. குப்பைக்கூடையை இழுத்தார். டேப் துண்டுகள், தெர்மகோல் பொடி, பிஸ்கட் உறை, டீக் கப்புகள், கப்புகளுக்கு அடியில் ஏதோ மின்னியது. கைவிட்டு எடுத்தார். கண்ணாடித்தாள். உள்ளங்கை அளவுக்கு, ஓரத்தில் சிவப்பு எழுத்தோடு, அதேதான். கலியமூர்த்திக்கு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றினதுபோல் குளிர்ந்தது. பார்த்தாயா. உரித்திருக்கிறான். கை உரித்திருக்கிறது, மனசுதான் வேறு எங்கோ இருந்திருக்கிறது. அவர் தன் கையைப் பெருமையோடு பார்த்தார். எத்தனை வருஷத்துக் கை. இன்று ராத்திரி அமுதவல்லியைக் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடப் போகலாம், காரணம் சொல்லவேண்டாம், ஒரு வருஷமாக அவள் முகத்தை நேராகப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டு பேசியதற்கெல்லாம் சேர்த்து இன்று நேராகப் பார்த்துப் பேசலாம். சாவு வீடு முடிந்து தேர் கிளம்பியது. வடத்தை இழுக்கிற கூட்டம், தலைகள், தலைகள், எண் மறுபடி இறங்கியது, இறங்கட்டும், அவர் சிரித்துக்கொண்டார். தாளைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தலாம் என்று மடித்தபோது விரலில் ஏதோ பிசுபிசுத்தது.

சாம்பல் நிறம். பேஸ்ட். சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை, கை கழுவாமல் தொட்டிருப்பேன் என்றுதான் நினைத்தார். பேஸ்ட்டைப் பிதுக்கின கையாலேயே தாளை உரித்தால் ஒட்டத்தான் செய்யும். தாளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். அது விரல் தீற்றல் இல்லை. தாளின் நடுவில் ஒரு சதுரம் பதிந்திருந்தது, ஓரம் பிதுங்கி, நடுவில் மெலிந்து, அச்சு வைத்ததுபோல் பிராசஸர் தலையின் அளவுக்குச் சரியாக. அமுக்கினால்தான் அப்படிப் பதியும். திருகாணி போட்டு நாலு மூலையிலும் முடுக்கினால்தான் அப்படிப் பதியும். பேஸ்ட்டில் படுவதற்கு முன்பு உரித்த தாள் கண்ணாடிபோல் சுத்தமாக அல்லவா இருக்கவேண்டும்? அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி திருப்பினார், பதில் மாறவில்லை. தாளோடுதான் பூட்டியிருக்கிறார். பூட்டினபிறகு யாரோ கழற்றி, உரித்து, துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து மறுபடி பூட்டியிருக்கிறார்கள். எப்போது? எம்.டி. அறையில் அவர் விதிமேல் விதியாக அடுக்கிக்கொண்டிருந்தாரே, அப்போது. அந்த நேரம் இந்த அறையில் இருந்தது ஒரே ஆள். தேர் நிலைக்கு வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று திரை சொன்னதுகூட அவருக்கு உறைக்கவில்லை, எம்.டி. வந்து தோளில் தட்டினபிறகுதான் தெரிந்தது. நீலம் இன்னும் தேரை இழுத்துக்கொண்டிருக்கிறது, சிவப்பு முந்திவிட்டது. ஒலிப்பதிவுக்காரர் கை தட்டினார். பழம் தின்று கொட்டை போட்டவர் என்றால் சும்மாவா, புத்தம்புது பிராசஸரே இவர் கையில் அடங்கி ஓடுகிறது பாருங்கள் என்று எம்.டி. எல்லாரிடமும் சொல்லிவிட்டு, ஆர்டர் போடப் போய்விட்டார். பெனாசிரின் பெட்டியும் முடித்தது. அவள் எழுந்து வந்து வாழ்த்துகள் சார் என்றாள். அறையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கலியமூர்த்தி கையை விரித்துத் தாளைக் காட்டினார்.

அவள் அதைப் பார்த்தாள். "கப்புக்கு அடியில போட்டேன் சார். நீங்க தேடுவீங்கன்னு நெனைக்கல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க. கூலருக்கு ஓரத்துல தாளு நீட்டிட்டு இருந்துச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் கழட்டி மாட்டிட்டேன்."

"விட்டிருந்தா உன் நீலம் ஜெயிச்சிருக்கும்."

"அப்ப தாளு ஜெயிச்சதா ஆயிருக்கும் சார். அதுக்கா இவ்ளோ பாடுபட்டோம்?"

இது மட்டும்தானா என்று அவர் கேட்டார். அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். சொல்லாமலே ஒவ்வொன்றாக அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. சர்வர் அறைக்கு அவள் திரும்ப ஏறிப்போனது, அனுப்பின கோப்புகளைத் திறந்து பார்த்தது, போன மாதம் அவர் தவறான ஹார்ட் டிஸ்க்கை அழித்துவிட்டபோது, நல்லவேளையாக இன்னொரு நகல் எடுத்து வைத்திருந்தார் என்று எம்.டி. அவரைப் பாராட்டினாரே, அந்த நல்லவேளை. ஒரு வருஷமாக அவர் ஓடின ஓட்டத்தில் எது அவர் ஓடியது, எது அவள் தள்ளிவிட்டது? பிரித்துப் பார்க்க எந்தச் சோதனையும் கிடையாது. அவருக்குக் கோபம் வரவில்லை, அவமானம்கூட இல்லை, பயம்தான், சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி வெறும் பயம். நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் தெரிய வேண்டாம், அமுதாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம், அவள் தாங்கமாட்டாள் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னார். பெனாசிரின் கண் நிறைந்துவிட்டது.

"அக்காதான் சார் எங்கிட்ட கேட்டுக்கிட்டாங்க. வண்டிய மறந்து வச்சிட்டு வந்தீங்களே, அதுக்கு மறுவாரமே வீட்டுக்கு வந்தாங்க. கூட இருந்து பாத்துக்கம்மான்னாங்க. உங்களுக்குத் தெரிய வேணாம், தாங்கமாட்டாருன்னாங்க."

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கலியமூர்த்தி உட்கார்ந்தே இருந்தார். ஒரே வீட்டில், ஒரே கூடத்தில், ஒரே டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். போனில் அமுதவல்லி அந்த ஒரு மூச்சு நிறுத்தியது அவர் தப்பாகச் சொன்னதால் இல்லை. வெண்டைக்காய் சரியாக ஞாபகம் இருந்ததில் அவளுக்கு மூச்சு வந்திருக்கிறது. போனை எடுத்தார். விரல் ஒருமுறை வேறு பெயரை அழுத்தியது, வெட்டிவிட்டு மறுபடி அழுத்தினார்.

"முடிஞ்சுதா? ஜெயிச்சுதா?" என்றாள் அமுதவல்லி.

"ஜெயிச்சுது. நான் உரிக்க மறந்த தாள பெனாசிர் உரிச்சிருக்கா."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் அதை மூடினாள். "வியாழக்கிழமைக்கு டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேங்க. இதுக்கு முன்னாடியும் போட்டேன், போட்டுட்டு வேணாம்னுட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஒரு வருஷமாக வாயிலிருந்து எடுத்துவிட்டிருந்த வார்த்தை தானாக வந்தது.

"ஞாபகப்படுத்து அமுதா," என்றார். "புதன்கிழமை ஒருதடவை சொல்லு. காலையில ஒருதடவை சொல்லு. கேட்டதையே திரும்பவும் கேட்டேன்னா திரும்பவும் சொல்லு."

"சொல்றேங்க," என்றாள். "எத்தனை தடவ வேணும்னாலும் சொல்றேன்."